மூன்று மூலை மஞ்சள்

குழந்தைகளா, போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டாம்பு ஆல்பத்தை நடுவில் போட்டுக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் போட்ட சண்டையை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "நீதான் எடுத்தே", "சத்தியமா நான் எடுக்கலே" என்று ஒருவர் தலையில் ஒருவர் அடித்துச் சத்தியம் பண்ணினீர்கள். கடைசியில் அந்த ஸ்டாம்பு அடுத்த பக்கத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாயால் கோவையாகச் சொல்ல வராது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாமே என்று எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மெட்ராஸுக்கு ஆகாய விமானத் தபால் வர ஆரம்பித்த புதிது. என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அந்தச் சத்தம் ஞாபகம் வரும். முதலில் தூரத்தில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி கேட்கும். உடனே மயிலாப்பூரில் உள்ள மொட்டை மாடி எல்லாவற்றிலும் தலைகள் முளைக்கும். சாதம் பிசைந்த கையோடு வருகிறவர்கள் உண்டு. பரங்கிமலைப் பக்கம் அது புள்ளியாகிக் கரைகிற வரை ஒருவரும் கீழே இறங்கமாட்டோம்.

எங்கள் வீடு தெற்கு மாடவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அப்பா வக்கீல் குமாஸ்தா. நாள் முழுக்க பொய்க் கையெழுத்தும் திருத்தின தேதியும் பார்த்துப் பார்த்து, எதையும் மூன்று தடவை திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டார். பால்காரன் கறப்பதற்கு முன்னால் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் அவன் சட்டைக் கையையும் உதறிக் காட்ட வேண்டும்! ஒரு தடவை அவன், "சாமி, மாட்டையும் கவுத்துக் காட்டட்டா?" என்று கேட்டுவிட்டான். அப்பா சிரிக்கவில்லை.

அத்தையும் எங்களோடு இருந்தாள். அப்பாவின் தங்கை. இருபது வயதுகூட நிறைந்திருக்காது. அத்திம்பேர், அதாவது அத்தையின் கணவர், மேற்கே கடல் தாண்டிப் பஸ்ராவில் எண்ணெய்க் கம்பெனியில் கணக்கெழுதப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். கம்பெனிப் பையில் பம்பாய் வரை வந்து அங்கே தபாலில் சேர்ப்பார்கள் என்று எழுதியிருந்தார். எல்லாக் கடிதத்திலும் விஷயம் ஒன்றே. இங்கே வெயில் நெருப்பு, கடல் தாண்டி வரவேண்டும், பெண்கள் இருக்க லாயக்கில்லை, இன்னும் இரண்டு வருஷம் பொறு. அத்தை அந்தக் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்தால் நாப்தலின் உருண்டை வாசனை வரும்.

சந்தில் பேச்சு எழாமல் இருக்குமா? குழாயடியில் எதிர்வீட்டு மாமி கேட்பாள்: "ஏண்டி, பஸ்ராவிலே பேரீச்சம்பழம் மட்டும்தான் விளையறதா, இல்லே வேற ஏதாவதும் கிடைக்கறதா?" அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "கிடைச்சா உங்களுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்றேன் மாமி" என்று சொல்லிவிட்டு வருவாள். உள்ளே வந்து அந்தக் குடத்தைச் சத்தமாக வைப்பாள்.

ஒரு நாள் காலையில் தபால்காரர் வழக்கம்போல வாசலில் நின்று குரல் கொடுக்காமல், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு விரல் நுனியில் ஒரு உறையைப் பிடித்திருந்தார்.

"சாமி, பயந்துக்காதீங்கோ. லெட்டரு ஒரு மாதிரியா கீது."

அம்மா எட்டிப் பார்த்தாள். உறையின் ஒரு பக்கம் முழுக்க ஓரம் கருகியிருந்தது. "ஓரம் கறுத்த கடுதாசியா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொல்லையிலிருந்து அத்தை ஓடி வந்தாள்.

உங்களுக்கு இது தெரியாது. அந்த நாளில் கல்யாணக் கடிதம் என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். ஓரத்தில் கறுப்பு இருந்தால் சாவுச் செய்தி. அதை வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அத்தை தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். கன்னம் நீலம் பாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. அப்பா உறையைப் பிரித்தார்.

"சௌக்கியமா இருக்காண்டி! சௌக்கியம்னு எழுதியிருக்கான்!"

இந்தத் தடவை அத்திம்பேர் பஸ்ராவிலிருந்து நேராக ஆகாய விமானத்தில் போட்டிருந்தாராம். உறையின் பின்புறம் தபாலாபீஸ் ஒரு இங்கிலீஷ் சீட்டு ஒட்டியிருந்தது. விமானம் வழியில் எங்கோ விழுந்து, பாதி எரிந்து, மழையில் நனைந்து, அதிலிருந்து பொறுக்கியெடுத்த கடிதம் என்று அப்பா அதைப் படித்துச் சொன்னார். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஓடிப் போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். வந்த கறுப்பு போகவேண்டுமே. உறையின் நான்கு மூலையிலும் அப்பினாள். வலது பக்க மேல் மூலையில்தான் கருகல் அதிகம் என்று அங்கே இரண்டு பங்கு.

எனக்கோ வேறு கவலை. பஸ்ரா ஸ்டாம்பு! எங்கள் வகுப்பில் யாரிடமும் கிடையாது. அத்திம்பேருக்குச் சொல்லி வாங்கித் தருகிறேன் என்று ஒரு வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். உறையைத் திருப்பினால் ஸ்டாம்பு இல்லை. அது இருந்த இடத்தில் வெளிறிய சதுரம்தான் இருந்தது, அதன்மேல் மஞ்சள். நான் தெருவுக்கு ஓடித் தபால்காரரை மறித்தேன்.

"ஸ்டாம்பை நீங்கதானே எடுத்தேள்?"

"தலையை வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன் நைனா? மழைத்தண்ணில ஊறி வுயுந்திருக்கும்." தலை என்றால் அவர் பாஷையில் ஸ்டாம்பு; அதில் ராஜா தலை இருக்குமே.

நான் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை. சாயங்காலம் தபாலாபீஸுக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து தபால்காரர் எங்கள் வீட்டுக் கடிதங்களைக் கையில் தராமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

உறையை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். டிராயிங் மாஸ்டர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் சொல்லித்தான் நாலாம் நாள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஸ்டாம்புக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். காக்கிப் பை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. உறையைக் கையால் தொடவே இல்லை. சின்ன இடுக்கி ஒன்றால் பூப்போல எடுத்தார். அப்பா அம்மாவிடம் மெதுவாக, "திருடறவன்தான் கைபடாம எடுப்பான்" என்றார். அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"சாமி, இது சும்மா கவரு இல்ல. ப்ளேன் வுயுந்து பொறுக்கின கவரு. தலை இல்லாட்டியும் பரவாயில்ல. இத்த வாங்கறதுக்குன்னே ஆளுங்க கீறாங்கோ. அடையாத்துல ஒரு தொரை சீமைக்குத் திரும்பறாரு. அவரு ஆல்பம் எல்லாம் அடுத்த மாசம் மவுண்ட் ரோட்டுல ஏலம் வுடறாங்கோ. கூடவே இத்தயும் வுடலாம். பஸ்ரான்றீங்கோ. அந்த ஊர்லேந்து அந்தப் பையில வந்தது ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். பஸ்ரா முத்திரை மட்டும் தெளிவா தெரிஞ்சா நூறு ரூபாக்குக் கொறையாது. ஆனா முத்திரை மேல மஞ்சளைப் பூசி வெச்சிகிறீங்களே, இன்னாத்துக்கு?"

நூறு ரூபாய்! அப்பா முகத்தில் சந்தோஷம் வரவில்லை. இவன் எதற்கு நமக்கு வழி சொல்கிறான் என்ற யோசனைதான் வந்தது.

அப்போது அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அன்னியர் முன்னால் அவள் வந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அண்ணா, அது என் பேருக்கு வந்த கடுதாசி. நூறு ரூபா வந்தா பஸ்ராவுக்கு டிக்கெட் வாங்குங்கோ. நான் போறேன்."

"கப்பல்லேயா? தனியாவா?"

"நீங்க பம்பாய் வரைக்கும் வந்து ஏத்தி விடுங்கோ. அந்தண்டை அவர் வந்து இறக்கிக்கட்டும். என்னதான் இருக்குன்னு நான் நேர்ல பார்க்கணும்."

அப்பா உறையை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். கடைசியில், "கப்பலுக்குக் காணற அளவு வந்தா பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அத்தை அன்றிரவே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள்.

மஞ்சளை எடுத்துத் தருகிறேன், உறையைக் கொடுங்கள் என்று ஸ்டாம்புக்காரர் கேட்டார். அப்பா, "எதுக்கு? மாத்தி வேற ஒண்ணைக் கொடுக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டார். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தைக்கு உதவி செய்கிறோம் என்று நானே காரியத்தில் இறங்கினேன். சட்டையில் மஞ்சள் பட்டால் அம்மா சோப்புதானே போடுவாள்? துணி சோப்பைக் கரைத்து, பஞ்சில் தொட்டு அந்த மூலையில் தடவினேன். அடுத்த நிமிஷம் உறை ரத்தமாகிவிட்டது. நிஜமாகவே ரத்தம் மாதிரிச் சிவப்பு! நான் போட்ட அலறலில் அம்மா வந்து, பார்த்து, அவளும் அலறி, கடைசியில் அத்தைதான் சிரித்தாள்.

"மன்னி, நாம ஆரத்தி கரைக்கறதில்லையா? மஞ்சள்லே சுண்ணாம்பு போட்டா செவக்கறதே, அது மாதிரிதான்."

வேறு வழியில்லாமல் ஸ்டாம்புக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு கேட்டார். பஞ்சு நுனியில் தொட்டு வைத்தார். சிவப்பு மறுபடி மஞ்சளாயிற்று. "இத்தோட நிறுத்திக்கோங்கோ. இனிமே சூரியன் பாத்துக்கும். நாலு நாள் நல்ல வெயில்ல வெய்ங்கோ, மஞ்சள் தானா வெளுத்துப் பூடும்" என்றார். "நான் எடுத்துக்கினு போவல சாமி. உங்க மாடி, உங்க வெயிலு."

அந்த நாலு நாளும் மாடியில் காவல் போட்டோம். உறையை ஒரு பலகையில் வைத்து நான்கு பக்கமும் கூழாங்கற்களை அடுக்கியிருந்தோம். காக்கை கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது, காற்று தூக்கிவிடக் கூடாது, பக்கத்து மாடி வழியாக ஸ்டாம்புக்காரர் ஏறி வந்துவிடவும் கூடாது. இந்தக் கடைசிப் பயம் அப்பாவுடையது. மத்தியானத்தில் எனக்கும் அத்தைக்கும் முறை. ஒரே குடைக்குள் உட்கார்ந்திருப்போம். செங்கல் தளம் உள்ளங்காலைப் பொசுக்கும். அத்தை வறுத்த கடலையைத் தோல் ஊதிக் கொடுப்பாள்.

"பஸ்ரா எந்தப் பக்கம்டா இருக்கு?"

நான் கிழக்கே சாந்தோம் பக்கம் கடலைக் காட்டினேன். கப்பலில் போவது என்றால் கடல் பக்கம்தானே! அத்தை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "டிராம்லே ராயப்பேட்டை தாண்டினாலே எனக்குக் குமட்டும். கப்பல்லே எப்படி இருக்கப் போறேனோ" என்றாள். பயமாகச் சொல்லவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் உறை வெளுத்திருந்தது. வெளிறிய சதுரத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு அரை வட்டம் எழுந்து வந்திருந்தது. ஸ்டாம்புக்காரர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார்.

"சாமி, இது பஸ்ரா இல்ல. கராச்சி."

"என்ன?"

"தலை மேல அடிக்கற முத்திரை இது. எந்த ஊர்ல தபால்ல போட்டாங்களோ அந்த ஊர் பேருதான் இருக்கும். பஸ்ராவுலேந்து வந்து கராச்சியில எறங்கியிருந்தா, அந்த முத்திரை பின்னாடி வுயும். இது முன்னாடி கீது. கராச்சியிலயேதான் போட்டுகிறாங்கோ. அதுக்கு அவ்ளோ வெல வராது. நாப்பது வந்தா பெருசு."

அப்பா சிரித்தார். அவர் சிரித்தால் எங்களுக்குப் பயம். "வந்துடுத்து பாரு, வித்தை! முத்திரை தெரிஞ்சா நூறுன்னீர். தெரிஞ்சதும் நாப்பதா? டேய், நீ பாரு. என்ன எழுதியிருக்குன்னு படி."

ஸ்டாம்புக்காரர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் குனிந்தேன். கண்ணாடிக்குள் காகிதத்தின் நார்கூடக் கயிறு மாதிரி தெரிந்தது. அதன் நடுவில் கே. அடுத்து ஏ. அடுத்து ஆர். கே-யின் ஒரு கால் கருகலில் மறைந்திருந்தது. ஆனாலும் கே-தான். சந்தேகமே இல்லை.

நிமிர்ந்தேன். அத்தை கைப்பிடிச் சுவரோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு வந்தால் கப்பல். நாற்பது வந்தால் டிரங்குப் பெட்டி பரணுக்குத் திரும்பப் போகும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வகுப்பில் நான் பீற்றிக்கொண்டது வேறு இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"பி... ஏ... எஸ்... அப்பா."

அப்பாவும் வாங்கிப் பார்த்தார். சாயங்கால வெளிச்சம், அவருக்கோ கண்ணில் நீர் வடியும் உபத்திரவம். "பி மாதிரிதான் இருக்கு" என்றார்.

ஸ்டாம்புக்காரர் என்னைப் பார்த்தார். "நைனா, நல்லா பாத்தியா?"

"பார்த்தேன்."

அதற்குமேல் அப்பா அவரைப் பேசவிடவில்லை. குழந்தைக்குத் தெரிவது உமக்குத் தெரியவில்லையா, வயிற்றுப் பிழைப்புக்கு வேறு வீடு பாரும், சிந்தாதிரிப்பேட்டைக்கு இந்தப் பக்கம்தான் வழி என்று மாடிப்படி வரை துரத்தினார். போன வேகத்தில் அவர் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொள்ளும் சாக்கில் திரும்ப வருவதற்குத்தான் விட்டுப் போயிருக்கிறான் என்றார் அப்பா. அவர் வரவில்லை.

அன்று விளக்கு வைத்த பிறகு அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"நிஜமா பி-தானா கண்ணா?"

"சத்தியமா பி-தான்."

அவள் தலை வெந்நீரில் குளித்த சூட்டோடு இருந்தது. இப்போதும் என் உள்ளங்கையில் அந்தச் சூடு இருக்கிறது. உங்களில் ஒருவன் போன ஞாயிற்றுக்கிழமை அடுத்தவன் தலையில் கை வைத்தானே, அப்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இனி ஸ்டாம்புக்காரர் நமக்கு வேண்டாம் என்று அப்பாவே நேராக ஏலக்கடைக்குப் போய் உறையைக் கொடுத்தார். கொடுக்கும்போது உறையின் நீள அகலத்தை அளந்து, கருகல் எத்தனை விரல் என்று குறித்து, அவர்கள் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தார். ஏல நாளில் அத்தையும் வருகிறேன் என்று நின்றாள். மாம்பழக் கலர் புடைவை கட்டிக்கொண்டு எங்களோடு டிராம் ஏறினாள். ராயப்பேட்டை தாண்டியபோது வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

மவுண்ட் ரோடு ஏலக்கடையில் வார்னிஷ் வாசனையும் சுருட்டு வாசனையும் கலந்து அடித்தது. வழக்கமாக அங்கே ஊருக்குத் திரும்பும் துரைகளின் மேஜை நாற்காலிகளை விடுவார்கள். அன்றைக்கு நீளமான மேஜையில் அடையாற்றுத் துரையின் ஆல்பங்கள். தொப்பிகள், தலைப்பாகைகள், இரண்டு வெள்ளைக்காரச் சீமாட்டிகள். நாங்கள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைசி வரிசையில் காக்கிப் பையோடு ஸ்டாம்புக்காரர். அப்பா எங்களை அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம் என்றார். "ஆள் பேசி வெச்சிருப்பான். பாரு, யாருக்கோ கண்ணைக் காட்டறான்." எனக்குத் தெரிந்து அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏலம் போடுகிறவர் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். இங்கிலீஷில் வேகமாகச் சொல்வார். பக்கத்தில் நின்ற டவாலிச் சேவகன் அதைத் தமிழில் திருப்பிக் கத்துவான். பத்துப் பதினைந்து ஆல்பம் போன பிறகு எங்கள் உறை வந்தது. சட்டைக்காரர் தன்னுடைய கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"எரிஞ்ச ஏரோப்ளேன் கவரு! கராச்சி டு மைலாப்பூர்!" என்றான் டவாலி.

அப்பா எழுந்தே விட்டார். "நோ சார்! பஸ்ரா! பஸ்ரா!"

ஹாலில் சிரிப்பு. சட்டைக்காரர் கோபப்படவில்லை. உறையை ஒரு தட்டில் வைத்து முன்வரிசைக்கு அனுப்பினார். ஒரு சீமாட்டி பார்த்து "கராச்சி" என்றாள். தலைப்பாகைக்காரர் ஒருவர் பார்த்து, "கராச்சிதான் ஸ்வாமி, கொட்டை எழுத்துலே இருக்கே" என்றார். தட்டு எங்களிடமும் வந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மூன்று பேருக்கும் ஸ்டாம்புக்காரரைத் தெரியாது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அத்தை அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "கே, அத்தை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏலம் ஆரம்பித்துவிட்டது. பத்து, பதினைந்து. சீமாட்டி ஒரு விரலைத் தூக்கினால் கடைசி வரிசையில் ஸ்டாம்புக்காரர் பென்சிலைத் தூக்கினார். இருபது. இருபத்தைந்து. முப்பது. முப்பத்தைந்தில் சீமாட்டி தலையை ஆட்டிவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு, ஒரு தரம்!"

"போறாது" என்று அப்பா பல்லைக் கடித்தார். "நிறுத்தி வாங்கிண்டு போயிடலாம். முப்பத்தஞ்சுக்குப் பாதிக் கப்பல்தான் வரும்."

"முப்பத்தஞ்சு, ரெண்டு தரம்!"

அத்தை அப்பாவின் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, கராச்சிக்குக் கப்பலா, ரயிலா?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "ரயில்தான். பம்பாய் போய், மாறி மாறி... ரயில்தான்."

"கடல் தாண்ட வேண்டாமே?"

"வேண்டாம்."

"அப்போ போறும். விட்டுடுங்கோ."

சுத்தியல் விழுந்தது. ஒரு மாதமாக நாங்கள் எல்லோரும் அந்த அரை வட்டத்தில் விலையைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். அத்திம்பேர் இருக்கிற இடம் அதில் எழுதியிருந்ததை அவள் ஒருத்திதான் படித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூடத் தெரியாது.

ஸ்டாம்புக்காரர் உறையை இடுக்கியால் எடுத்துப் பைக்குள் வைக்கும்போது நான் ஓடிப் போய்க் கண்ணாடியை நீட்டினேன். அத்தனை நாளும் அது என் நிஜார்ப் பையில் இருந்தது. அவர் அதன்மேல் வாயால் ஊதி வேட்டி நுனியால் துடைத்தார்.

"பொய் சொல்றதுக்குப் பூதக்கண்ணாடி எதுக்கு நைனா? வெறுங்கண்ணே போதாதா?" என்றார். பிறகு அத்தை உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துவிட்டு, "அந்தம்மா ஊரு போய்ச் சேர்ந்தா எனக்கொரு கார்டு போடச் சொல்லு" என்றார். அப்பா கடைசிவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிராமில் வரும்போது மட்டும், "ஆனா முப்பத்தஞ்சுக்கு எதுக்கு எடுத்தான்? அதுலே ஏதோ இருக்கு" என்றார்.

அப்பாவும் அத்தையும் கராச்சிக்குப் புறப்பட்டுப் போனார்கள். மூன்று வாரம் கழித்து அப்பா மட்டும் திரும்பினார். கூடத்தில் அம்மாவிடம் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. நம் ஊர்க்காரர்கள் இருக்கும் தெருவெல்லாம் விசாரித்து அத்திம்பேரைக் கண்டுபிடித்தார்களாம். அவர் பஸ்ராவில் இருந்தது ஆறு மாதம்தானாம். கண் பார்வையில் கோளாறு வந்து கணக்கு வேலை போய்விட்டதாம். ஊர் திரும்ப வெட்கப்பட்டுக் கராச்சியிலேயே தங்கி, நம்மவர்கள் நடத்தும் ஒரு சாப்பாட்டு விடுதியில் அரிசி பருப்பு அளந்து போடுகிற வேலை. கம்பெனிப் பை, பம்பாய்த் தபால் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் மூலமாகச் செய்த ஏற்பாடு. அவர் ஊரில் இல்லாத ஒரு தடவைதான் கராச்சியிலிருந்தே விமானத் தபாலில் போட்டிருக்கிறார். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று அம்மா கேட்டாள். அப்பா, "இல்லே" என்றார். எப்போதும் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுகிற அப்பா, அன்றைக்குக் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அது முழு உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அத்தை கடைசிவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் என்மேல் கோபமாக இருக்கிறாளா என்பதுதான் என் கவலை. ரயிலடியில் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டாளே. அந்த மாதம் முழுக்க மாடிக்கு நான் போகவில்லை. விமானச் சத்தம் கேட்டாலும் போகவில்லை.

பிறகு ஒரு நாள் தபால்காரர் வாசற்படியில் வைக்காமல் குரல் கொடுத்தார்.

"நைனா, உன் பேருக்கு லெட்டரு! தலை பத்திரமா கீது, இப்பவே பாத்துக்க. அப்பால என்னைக் கேக்காதே!"

என் பேருக்கு வந்த முதல் கடிதம். உறையின் மூலைகளில் மஞ்சள். இடது பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று, வலது பக்கம் கீழே ஒன்று. மூன்றுதான். நாலாவது மூலையில் ராஜா தலை ஸ்டாம்பு. அதன்மேல் பாதியும் வெளியே பாதியுமாகக் கறுப்பு வட்டம், ஒரு பொட்டு மஞ்சள்கூடப் படாமல்.

அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "அவசரத்துலே ஒரு மூலையை விட்டுட்டா பாரு" என்று மஞ்சள் கிண்ணத்தை எடுக்கப் போனாள். நான் அந்த மூலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"டேய், எந்த ஊர் போட்டிருக்கு? படி" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்று எழுத்து எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தேன். கே. ஏ. ஆர். ஏ. சி. ஹெச். ஐ.

"இன்னொரு தரம்" என்றார் அப்பா.

படித்தேன். அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை.